அரவணைப்பு வாரியமும் ஒரு பாறைச் செடியும்

ஒரு செடியைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அதை வேரோடு பிடுங்க வேண்டும். பிறகு பழைய நாளிதழுக்கு நடுவில் வைத்து அமுக்கி, காயவைத்து, அட்டையில் ஒட்டி, மாடிப்படி ஏறிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அந்தச் செடி உயிரோடு இருக்கிறது என்பதை மேலே இருப்பவர்கள் ஒப்புக்கொள்வார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற புவனேசனுக்கு ஐம்பது வயதைத் தாண்டும் வரைக்கும் இந்த உலக ஞானம் கிடைக்கவில்லை. மலேசியாவின் சுங்கை பட்டாணி நகரில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருக்கும் 'அரிய தாவரங்கள் அறிமுக, அங்கீகார, அரவணைப்பு வாரிய'த்துக்குப் போன பிறகுதான் கிடைத்தது.

அவர் அங்கே போனது செடிகொடி மேல் உள்ள ஆசையால் இல்லை. பாடாங் செராயிலிருந்து உள்ளே போனால் மெராந்தி ரப்பர்த் தோட்டம். அதன் ஓரத்தில் அவர் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு குன்று. குன்றின் அந்தப் பக்கத்தை ஒரு கல்லுடைப்புக் கம்பெனி ஏறக்குறைய தின்று முடித்திருந்தது. இந்தப் பக்கத்துக்கும் அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தது. மத்தியானம் ஒரு சங்கு ஊதும். ஊதி ஓய்ந்ததும் தரை ஒரு குலுங்கு குலுங்கும். அலமாரியில் பீங்கான் தட்டுகள் கடகடக்கும். அதன் பிறகு வெள்ளைப் புழுதி இறங்கும். காயப்போட்ட துணி, மூடாத சோறு, பிரேமாவதியின் நெஞ்சு என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை.

பிரேமாவதி அவர் மனைவி. ஒரு காலத்தில் ரப்பர் மர நிரை முழுக்கக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டே பால் வெட்டியவள். இப்போது பாதி வாக்கியம் பேசுவாள், இடுப்பில் செருகியிருக்கும் ஆஸ்துமா மருந்துப் பம்பை எடுத்து வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுப்பாள், பிறகு மீதிப் பாதியைப் பேசுவாள். மீதிப் பாதி அநேகமாகப் புவனேசனுக்கு விழும் திட்டாக இருக்கும். கூலிம் ஆஸ்பத்திரி டாக்டர் அவளைச் சோதித்துவிட்டு, புழுதி இல்லாத இடத்துக்குக் குடிபோகச் சொன்னார். டாக்டருக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. இவர்களுக்கு இருந்தது இந்த வீடு ஒன்றுதான்.

புகார் கொடுக்காமல் இல்லை. போன இடத்திலெல்லாம் கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்கிறது என்றார்கள். பிரேமாவதி மூச்சு விடுவதற்கு மட்டும் லைசென்ஸ் இல்லை போலிருக்கிறது என்று புவனேசன் வேனில் தனியாக முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்புவார்.

இந்த நிலைமையில்தான் அலிசியா வந்து சேர்ந்தாள். லூனாஸில் இருக்கும் ஜெரார்ட் மாஸ்டரின் மகள். பல்கலைக்கழகத்தில் செடிகளை ஆராய்கிறவள். குன்றுக்குப் போக வேறு வண்டி கிடைக்காமல் புவனேசனின் வேனில் ஏறினாள். குன்றடியில் ஈரம் கசிகிற பெரிய பாறை ஒன்று உண்டு. அதன் அடியில் முனியாண்டி கோயில்கொண்டிருக்கிறார். பாறையின் பிளவுகளில் எது முளைத்தாலும் தோட்டத்து ஜனங்கள் கை வைக்க மாட்டார்கள். சாமிக்குப் போடும் மாலையைக்கூடப் பாசார்க் கடையில் வாங்கித்தான் போடுவார்கள். எதையாவது எடுத்தே ஆக வேண்டுமானால் ஒரு சுருட்டைக் கொளுத்தி வைத்து உத்தரவு கேட்க வேண்டும். அணையாமல் எரிந்தால் எடுக்கலாம். அணைந்தால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தப் பாறையில்தான் செடி இருந்தது. கைப்பிடிக்குள் அடங்குகிற அளவு. மேலே பஞ்சு மாதிரி ரோமம் உள்ள இலை, அடியில் கத்தரிப்பூ நிறம். பூ சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை. வெளிர் ஊதாவில், தொண்டைக்குள் மட்டும் ஒரு சொட்டு மஞ்சள். அலிசியா மண்டியிட்டவள் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

“அங்கிள், இது எந்த புக்லயும் இல்ல.”

“இங்கதான் இருக்கேம்மா.”

“அதான் அங்கிள். இங்க மட்டுந்தான் இருக்கு.”

அவள் விளக்கமாகச் சொன்னாள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடி இது. இங்கேயும் ஒரு கூடை அளவுக்குத்தான் இருக்கிறது. அழியப்போகும் செடி என்று வாரியம் முறைப்படி அறிவித்துவிட்டால், அது உயிரோடு இருக்கும் வரைக்கும் இந்த மலையில் யாரும் வெடி வைக்க முடியாது. புவனேசன் கடைசி வாக்கியத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். அவர் வேனுக்குப் போய் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அலிசியா அந்தோணியார் கோயிலுக்குப் போகிற பெண். இருந்தாலும் சுருட்டைத் தானே கொளுத்தி வைத்துவிட்டு இருமினாள். சுருட்டு நன்றாக எரிந்தது. ஒரே ஒரு செடியை எடுத்து, அமுக்கி, அளந்து, படம் வரைந்து, எழுதி அனுப்பினாள். வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ் ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. முனியாண்டி ஒரு சுருட்டு நேரத்தில் உத்தரவு கொடுத்துவிட்டார், உலகமும் சம்மதித்துவிட்டது, இனி வாரியத்துக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று புவனேசன் நினைத்தார். பாவம், நல்ல மனுஷர்.

வாரிய அலுவலகத்தின் முன்கூடம் ஒரே பச்சைப் பசேலென்று இருந்தது. தொட்டித் தொட்டியாகச் செடிகள், எல்லாம் பிளாஸ்டிக். ஓர் அம்மாள் வாளியும் ஈரத்துணியுமாக உட்கார்ந்து ஒவ்வோர் இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கவுண்டரில் இருந்தவர் வசந்தன், செயலக அதிகாரி. தங்கமான பிள்ளை, எல்லாரையும் அண்ணே அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். ஒருவரை நோகடிக்காமல் திருப்பி அனுப்புவது எப்படி என்பதை அவரிடம்தான் கற்க வேண்டும்.

“பசியாறியாச்சாண்ணே? உக்காருங்க. செடி பேரு?”

“இன்னும் இங்க பதியலங்க. அதுக்குத்தான் வந்தோம்.”

“பேரு இல்லாம எப்படிண்ணே பதியறது?”

“அப்ப பேரு வச்சிக் குடுங்க.”

“பதியாத செடிக்குப் பேரு வைக்க முடியாதுலா.”

அலிசியா குறுக்கே வந்தாள். “பேரு நான் வச்சிட்டேன் சார். ஆராய்ச்சி இதழ்ல அடுத்த மாசம் வருது.”

“வரட்டும்மா, ரொம்ப சந்தோசம். அது உலகத்துக்கு. இது வாரியத்துக்கு.”

அதன் பிறகுதான் மாதிரிகளின் கதை வெளியே வந்தது. வாரியத்தில் விவரிப்புக் குழு, பெயர்க் குழு, ஆபத்துக் குழு, புகைப்படக் குழு என்று நான்கு குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் வேர், பூ, காய் சகிதம் காய்ந்த செடிகள் தனித்தனியாக வேண்டும். பிரதியும் வேண்டும், பிரதி தொலைந்தால் மாற்றும் வேண்டும். உலகம் முழுக்க ஒரே மாதிரியை வைத்துத்தான் பார்க்கிறார்கள் என்று அலிசியா வாதாடினாள். உலகத்துக்கு ஒரே கமிட்டியாக இருக்கும் என்றார் வசந்தன். நான்கு குழுவும் ஒன்றையே மாற்றி மாற்றிப் பார்த்தால் என்ன என்று புவனேசன் கேட்டார். வசந்தன் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். போன தீபாவளி விருந்தில் நாற்காலி போட்ட தகராறிலிருந்து நான்கு குழுவுக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம்.

வேறு வழி இல்லை. சங்கு நாள் தவறாமல் ஊதிக்கொண்டிருந்தது. அலிசியா அழாத குறையாகச் சம்மதித்தாள். புவனேசன் பாறைக்குப் போய்ச் சுருட்டுக் கொளுத்தினார். அது அணைந்துபோயிற்று. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மறுபடி கொளுத்தினார். வாரியத்துக்குப் போய் வந்த பழக்கம், ஓர் இடத்தில் இல்லை என்றால் அடுத்த கவுண்டரில் கேட்கச் சொல்கிறது. இரண்டாவது தடவை எரிந்தது. பாறையில் பாதி மொட்டையாயிற்று.

அந்த மாதிரிகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஆபத்துக் குழு கூடியது. தலைவி லோகேஸ்வரி, சட்டம் படித்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அலிசியாவைப் பார்த்தார்.

“அரிதான செடின்னு எழுதியிருக்கீங்க. எங்க மேசையிலேயே ஒரு கட்டு இருக்கு. இவ்வளவு சுலபமா கிடைக்கிறது எப்படி அரிதாகும்?”

“நீங்க கேட்டீங்கன்னுதான் மேடம் எடுத்தோம்.”

“கேட்டா கிடைக்குது. அதைத்தான் நானும் சொல்றேன்.”

புவனேசன் எழுந்து நின்று, மலைக்கு வெடி வைக்கப்போவதைச் சொன்னார். பிரேமாவதியின் நெஞ்சைச் சொன்னார். தட்டு கடகடப்பதைக்கூடச் சொன்னார். லோகேஸ்வரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“ஐயா, கம்பெனி அனுமதி கேட்டுத்தானே செய்யறாங்க? சட்டப்படி நடக்கிறதை ஆபத்துன்னு நாங்க எழுத முடியாது. ஆபத்துன்னா அதுல ஒரு குற்றம் இருக்கணும். வேற என்ன ஆபத்து இருக்கு?”

குழு உறுப்பினர் ஒருவர் ஓர் அட்டையைத் தூக்கிப் பார்த்தார். “யாரோ வேரோட பிடுங்கியிருக்காங்க மேடம்.”

அறை சட்டென்று சுறுசுறுப்பானது. வேரோடு பிடுங்குவது தெளிவான ஆபத்து என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பிடுங்கியது யார் என்று விசாரித்து, புவனேசனின் அடையாள அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். 'உள்ளூர்வாசிகளால் மிகுந்த ஆபத்து' என்று பதிவாயிற்று. ஆபத்து இருக்கிறது என்று ஒருவழியாக எழுதிவிட்டார்களே என்று புவனேசன் அதற்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் பிரேமாவதி கேட்டாள். “செடிக்கு ஆபத்து யாருன்னு…” பம்பை இழுத்தாள். “உங்க பேரையா எழுதிட்டு வந்தீங்க? நல்லா வருவீங்க.”

பெயர்க் குழுவின் கூட்டத்துக்கு வாரியத் தலைவர் நடராஜாவே வந்தார், டத்தோ பட்டம் வாங்கியவர். கஞ்சி போட்ட பாத்தேக் சட்டை, மோதிரங்கள், வாய் நிறையச் சிரிப்பு. செடிக்கு 'நடராஜா அருமலர்' என்று பெயர் வைக்கலாம் என்று ஓர் உறுப்பினர் முன்மொழிந்தார். மற்றவர்கள் யார் முதலில் வழிமொழிவது என்று முண்டினார்கள். அலிசியா ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருப்பதாக எழுந்து சொன்னாள். அதையும் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டத்தோ பேச எழுந்தார்.

“எனக்கு இந்தப் பெருமையெல்லாம் வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டீர்களா, வசந்தன்? மூன்றாவது முறை கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் தாவரம் படித்தவன் அல்ல. வாகன உதிரிப்பாக வியாபாரம்தான் பார்த்தேன். ஆனால் செடி என்றால் எனக்கு உயிர். அதனால்தான் இந்த அலுவலகத்தில் ஒரு செடிகூட வாடியது கிடையாது. இந்தச் சின்னஞ்சிறு மலர் ஒரு பெயருக்காக எத்தனை யுகமாகக் காத்திருந்ததோ. அதை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.”

கைத்தட்டல் ஓய்ந்ததும் புவனேசன் எழுந்தார். “டத்தோ, அப்ப மலைய உடைக்க மாட்டாங்கதானே?”

“நல்ல கேள்வி. மலை நிலத் துறையைச் சேர்ந்தது. நாங்கள் செடியோடு நிறுத்திக்கொள்கிறோம். செடி எதன் மேல் நிற்கிறது என்பது எங்கள் அதிகாரத்துக்குள் வராது.”

புவனேசன் கலங்கிப்போய் நிற்பதைப் பார்த்து லோகேஸ்வரிக்கே மனம் கேட்கவில்லை. அறிவிப்பு வந்துவிட்டால், செடி உயிரோடு இருக்கும் வரை நிலத் துறை அனுமதி தர முடியாது என்று விளக்கினார். ஆனால் இடத்தில் அறிமுக விழா நடந்து, டத்தோ பலகை திறந்து வைத்த பிறகுதான் அறிவிப்பு செல்லுபடியாகும். விழாவுக்கு அடுத்த மாதம் நாள் குறித்தார்கள். குழுத் தலைவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் நாற்காலி ஒதுக்கியதில் அலிசியாவுக்கு இடமில்லாமல் போயிற்று. அவள் வருந்தவில்லை. வேறு வேலையாகக் கோலாலம்பூருக்குப் போகும்போது ஒன்றைத்தான் சொல்லிவிட்டுப் போனாள். “அங்கிள், மிச்சம் இருக்கறத யாரும் தொடக்கூடாது. ஒரு எலயக்கூட.”

யாரும் தொடவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம்.

நடந்தது வேறு. விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு பிரேமாவதிக்கு மூச்சு முட்டிவிட்டது. உதடு நீலம் பாரித்துப்போக, புவனேசன் அவளை வேனில் போட்டுக்கொண்டு கூலிம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கேயே கட்டிலடியில் பாய் விரித்துக் கிடந்தார். அந்தச் சமயத்தில் வசந்தன் கோயில் தலைவர் காளிதாசனுக்குப் போன் போட்டு, டத்தோ வருகிறார், இடத்தைக் கொஞ்சம் சுத்தம் செய்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

காளிதாசன் தோட்டத்தில் காலமெல்லாம் மருந்தடிக்கும் ஆட்களை மேய்க்கிற மண்டோராக இருந்தவர். தோட்டத்தில் பெரிய மனிதர் வருகிறார் என்றால் செய்ய வேண்டியது இரண்டே இரண்டுதான் என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், புல்லுக்குக் களைக்கொல்லி மருந்து அடிக்க வேண்டும். துரை வந்தாலும் மந்திரி வந்தாலும் அதுதான் மரியாதை. கோத்தோங் ரோயோங் என்று ஊர்கூடிச் செய்யும் பொதுவேலைக்கு ஆளைத் திரட்டி, முதுகில் மருந்துப் பம்பை மாட்டிக்கொண்டு, இந்த வயதில் தானே பாறையைச் சுற்றி வந்து அடித்திருக்கிறார்.

பிரேமாவதியை வீட்டில் விட்டுவிட்டுப் புவனேசன் பாறைக்குப் போனார். சுண்ணாம்பில் பாறை பளிச்சென்று இருந்தது. பிளவுகளில் பழுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. காளிதாசன் பெருமையோடு கிட்டே வந்தார்.

“ஒரு புல்லு பூண்டு இருக்கா பாரு. முனிக்கே அடையாளம் தெரியாது.”

“மாமா, பாறையில முளைச்சத தொடக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தொட்டேனா? கைய வைக்கவே இல்லையேப்பா. எட்ட நின்னுல்ல அடிச்சேன். சுருட்டு வச்சி உத்தரவும் கேட்டேன். கடைசி வரைக்கும் எரிஞ்சிச்சி.”

புவனேசனுக்கு அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்து என்ன செய்ய. மனிதர் முகத்தில் அத்தனை சந்தோஷம். தோட்டத்துக்கு ஒரு கௌரவம் வருகிறது என்று மூட்டுவலியோடு பம்பு சுமந்தவர். எது காட்டுச்செடி, எது அரசாங்கச் செடி என்று அவரிடம் யாரும் வந்து காட்டவில்லை. டத்தோவின் பெயர் வைத்த செடி என்றால் பெரிதாகத்தானே இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். புவனேசன் வெள்ளையடித்த பாறையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது கால்சட்டையெல்லாம் சுண்ணாம்பு.

வசந்தனுக்குப் போன் செய்தார். “தம்பி, செடி செத்துப் போச்சி.”

“அண்ணே, பந்தல் சொல்லியாச்சி. மக்கானுக்குப் பிரியாணி ஆர்டர் குடுத்தாச்சி. ஒலிபெருக்கிக்கும் ஆள் வருது.”

“செடி இல்லப்பா.”

“செடிதானே? நான் பாத்துக்கறேன். நீங்க அக்காவைக் கவனிங்க.”

அவர் சொன்னபடியே பார்த்துக்கொண்டார். விழா அன்று காலையில் ஒரு லாரி வந்தது. முன்கூடத்துத் தொட்டிகள் எல்லாம் இறங்கின. வாளி அம்மாளும் கூடவே இறங்கினார். பாறைப் பிளவுகளில் பிளாஸ்டிக் செடிகளைச் சொருகினார்கள். ஊதா நிறத்தில் இருந்ததை மட்டும் நடுவில் வைத்துச் சுற்றிலும் கயிறு கட்டினார்கள். கல்லுடைப்புக் கம்பெனி இயற்கையின் மேல் உள்ள அக்கறையால் பிரியாணிச் செலவை ஏற்றுக்கொண்டதோடு, அன்றைய வெடியையும் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளி வைத்திருந்தது. அதற்காக மேடையில் கம்பெனிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

டத்தோ பலகையின் பட்டுத்துணியை விலக்கினார். பிறகு கயிற்றைத் தாண்டிக் குனிந்து செடியைப் பார்த்தார். நிமிர்ந்தபோது நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

“இந்தச் செடியை இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன். ஆனால் எத்தனையோ காலமாகத் தினமும் பார்த்துப் பழகியது போல ஒரு நெருக்கம் தோன்றுகிறது. இதுதான் பெயரின் மகிமை. ஆபத்தில் இருக்கும் செடி என்கிறார்கள். எவ்வளவு செழிப்பாக இருக்கிறது பாருங்கள், தூசிகூட இல்லை. இதெல்லாம் வாரியம் கை வைத்த பிறகு வந்த மாற்றம். இன்று முதல் இந்தச் செடியை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.”

கூட்டம் கைதட்டியது. புவனேசன் கடைசி வரிசையில் நின்றிருந்தார். டத்தோ கடைசியாகச் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

கோலாலம்பூரிலிருந்து திரும்பிய அலிசியா நேராகப் பாறைக்குப் போனாள். ஒவ்வொரு பிளவிலும் விரலை விட்டுத் தேடினாள். விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு அரித்துச் சிவந்த பிறகு உட்கார்ந்து, சின்னப் பிள்ளை போல வாய்விட்டு அழுதாள். காளிதாசன் விஷயம் தெரிந்து, கோயில் பக்கமே வராமல் வீட்டுக்குள் முடங்கிக்கொண்டார். அலிசியா வாரியத்துக்குத் தகவல் சொன்னாள். வாரியமும் முறைப்படி வந்து பார்த்து, முறைப்படி வருந்தி, 'அழிந்தது' என்று முறைப்படி அறிவித்தது. அந்த ஓர் அறிவிப்பு மட்டும் ஒரே வாரத்தில் வெளிவந்தது. அடுத்த வாரம் கம்பெனிக்கு இந்தப் பக்கத்துக்கும் அனுமதி கிடைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புவனேசன் வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. பாறைக்கும் மேலே உள்ள ஊற்றிலிருந்து ரப்பர் குழாய் போட்டு, காலகாலமாக அதில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். தொட்டி கசிகிற பக்கத்தில் பாசி படர்ந்திருக்கும். ஒருநாள் பிரேமாவதி அந்தப் பாசிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சத்தம் போடாமல் புவனேசனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். தண்ணீரோடு எந்த விதை எப்போது வந்ததோ. ரோமம் வைத்த நாலைந்து இலை, அடியில் கத்தரிப்பூ நிறம், நடுவில் ஒரே ஒரு மொட்டு.

புவனேசன் வாரியத்துக்குச் சொல்ல உடனே போனை எடுத்தார். பிரேமாவதி அதைப் பிடுங்கிக்கொண்டாள். அலிசியாவுக்கு மட்டும்தான் சொன்னார்கள். அவள் வந்து பார்த்தாள், மறுபடியும் அழுதாள். இது பூத்துக் காய்த்து விதை பழுக்கட்டும், விதை கைக்கு வந்தால் வேறு இடத்தில் வளர்த்துப் பார்க்கலாம், அதுவரைக்கும் ஈ காக்கைக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்றாள்.

பூ விரிந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் வசந்தன் வந்து நின்றார். பலகையைக் கழற்றிக்கொண்டு போக வந்திருந்தார். அழிந்துபோன செடிக்குப் பலகை வைத்தால் தணிக்கையில் கேள்வி வருமாம். வேலை முடிந்து, கை கழுவப் பின்கட்டுக்கு வந்து, தொட்டியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டார். தெறித்த சோப்புத் தண்ணீர் பாசிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. புவனேசன் ஓர் அடி நகர்ந்து பூவை மறைத்து நின்றார்.

“அண்ணே, ஒண்ணு சொல்லவா? நம்ம வாரியத்துல முழுசா முடிஞ்ச மொதக் கோப்பு இதுதான். மத்ததெல்லாம் பாதியிலேயே நிக்குது. இதுல கண்டுபிடிச்சோம், பேரு வச்சோம், விழா எடுத்தோம், அழிஞ்சிருச்சி. ஒரு குறை சொல்ல முடியாது. டத்தோவுக்கு விருதுக்குக்கூட அனுப்பியிருக்காங்க.”

“மலை போவுதே தம்பி.”

“அழிஞ்ச செடிக்கு எதுக்குண்ணே மலை?” வசந்தன் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். “ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. கேட்டுட்டுப் போகச் சொன்னாங்க. இந்தச் செடிய அப்புறம் எங்கயாச்சும் பாத்தீங்களா? பாத்திருந்தா சொல்லுங்க. கோப்ப மறுபடி திறந்துருவோம், கம்பெனிய கொஞ்ச நாள் நிறுத்தியும் வைக்கலாம். நாலு கமிட்டிக்கும் வேரு, பூ, காயோட குடுத்தா போதும்.”

உள்ளே பிரேமாவதி இருமுவது கேட்டது. கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பார்கள். கொஞ்ச நாளைக்கு அவள் நெஞ்சில் புழுதி ஏறாது. அதற்குப் புவனேசன் ஒரு சொல் சொன்னால் போதும், ஆமாம் என்று. ஆனால் நான்கு குழுவுக்குக் கொடுக்க ஒரு செடிதான் இருக்கிறது. அதைக் கொடுத்த மறுநாள் என்ன அறிவிப்பு வரும் என்பதும் அவருக்கு இப்போது மனப்பாடம். திரும்பிப் பார்த்தார். பிரேமாவதி வாசற்படியில் வந்து நின்று, தலையை இல்லை என்று ஒருமுறை ஆட்டினாள்.

“இல்லப்பா. பாக்கல.”

“அவ்வளவுதாண்ணே. முடிஞ்சிச்சி.”

அப்போது சங்கு ஊதியது. தரை குலுங்கியது. முன்னெல்லாம் குன்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் இப்போது தலைக்கு நேர் மேலேயிருந்து வந்தது. வெள்ளைப் புழுதி பின்கட்டு முழுக்க இறங்கியது. வசந்தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமோ இருமென்று இருமினார். பிரேமாவதி உள்ளே போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் பாதி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் மீதித் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு தொட்டியோரம் குந்தி உட்கார்ந்தாள். புழுதி படிந்த இலைகளில் மெல்லத் தெளித்தாள். பிறகு சேலைத் தலைப்பை நனைத்து, பூவில் படாமல், ஒவ்வோர் இலையாகத் துடைக்கத் தொடங்கினாள். வசந்தன் எட்டிப் பார்த்தார்.

“என்ன செடிக்கா அது? பூவெல்லாம் விட்டிருக்கு.”

“இதுவா…” பிரேமாவதி பம்பை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தாள். “பிளாஸ்டிக்கு தம்பி.”

வசந்தனின் முகம் மலர்ந்தது. “நல்ல வேலை செஞ்சீங்கக்கா. எங்க ஆபீஸ்லயும் அதான். சாவவே சாவாது.”

அவர் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பிரேமாவதி அடுத்த இலையைத் துடைத்தாள்.